ராகு காலத்தில் கைமாறிய முகூர்த்தப் புடவை

கண்ணு,

போனில் சொல்ல வேண்டியதை ஏன் இந்த அம்மா நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறாள் என்று சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. போனில் பேசினால் நடுவில் நீ "ம்மா, ம்மா, கொஞ்சம் இரு" என்று எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவாய். நானும் உன் குரலைக் கேட்டவுடன் "சாப்ட்டியா, இன்னா சாப்ட்ட" என்று தடம் மாறிவிடுவேன். நேற்றும் அதுதான் நடந்தது. இன்று புதன்கிழமை, எனக்குக் கடை லீவு. உங்கப்பா ஆட்டோவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். துணி துவைத்துக் காயப் போட்டுவிட்டு, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடிக்காமல் எழுந்திருப்பதாக இல்லை.

நேற்று நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா பார். வேளச்சேரியில் நீ வேலை பார்க்கும் துணிக்கடைக்கு ஷீலா மேடம் என்று ஒரு புது மேனேஜர் வந்திருக்கிறார். இரண்டு நிமிஷம் தாமதமானால் அரை நாள் லீவு போட்டுவிடுகிறார். உள்ளே நுழைந்ததும் போனை வாங்கி லாக்கரில் பூட்டுகிறார். நீ அடுக்கி வைத்த சட்டைகளை மூன்று தடவை கலைத்து மறுபடி அடுக்கச் சொன்னார், அதுவும் எல்லோர் எதிரிலும். வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆஃபர் விற்பனை ஆரம்பம். பாதி விலை ஸ்டிக்கரைப் பழைய ஸ்டாக்கில் ஒட்டச் சொல்லாமல், அந்தம்மா அவசரத்தில் புது வரவு ரேக்கில் ஒட்டச் சொல்லிவிட்டார். அது உன் கண்ணில் மட்டும்தான் பட்டது. நீ சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழம பாரும்மா வேடிக்கைய. நீ உன் மேனேஜருக்குக் குடுத்த மாதிரியே நானும் குடுக்கப் போறேன். வாயே தெறக்க மாட்டேன்" என்று சிரித்தாய். ரூமில் கூட இருக்கிற பசங்களுக்கும் என் கதையைச் சொல்லியிருக்கிறாயாம். "உங்கம்மா செம டா" என்றார்களாம்.

எனக்கு அதைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை கண்ணு. ஏனென்றால் உனக்கு நான் சொன்னது பாதிக் கதை. சிரிப்பு வருகிற பாதி. மீதியை இரண்டு வருஷமாக நம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உங்கப்பாவிடம்கூட நேற்றுதான் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "நீ ஒரே ஒரு வாட்டி வாய மூடினதுக்கு இத்தினி கலாட்டாவா? அதுக்குத்தான் சாமி உன்ன பேசிக்கினே இருன்னு படைச்சிருக்குது" என்றார். அவருக்கு எல்லாமே கிண்டல்தான். ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "பையனுக்குச் சொல்லிடு" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் எங்கள் மேனேஜர் பிரவீன். உனக்கு அவரைப் 'பத்து நிமிஷம்' என்று சொன்னால்தான் தெரியும், அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். எங்கள் பட்டுக்கடைக்கு அவர் வந்தபோது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. சென்னையில் பெரிய மாலில் ஜீன்ஸ் பேண்ட் விற்கும் கடையில் இருந்தவர். பட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, கடிகாரத்தைப் பற்றி எல்லாம் தெரியும். வந்த மூன்றாம் நாளே சட்டம் மேல் சட்டம். போனைப் பெட்டியில் போடு. ஆள் இல்லாதபோது, புடவை விரித்துக் காட்டுகிற மெத்தையில் உட்காராதே. ஒருவருக்குப் பதினைந்து புடவைக்கு மேல் பிரிக்காதே. யார் வந்தாலும் கைகூப்பி 'வெல்கம்' சொல்லு. செய்யாறு பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு நான் 'வெல்கம்' சொன்னதும், பின்னால் வருகிற யாருக்கோ சொல்கிறேன் என்று நினைத்து அவர் ஒதுங்கி வழிவிட்டு நின்றார். பாத்ரூம் போனால் போன நேரமும் வந்த நேரமும் நோட்டில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: வாடிக்கையாளர் எடுத்து வைத்த புடவைக்குப் பத்து நிமிஷத்தில் பில் போடவில்லை என்றால், அது ரேக்குக்குத் திரும்பிப் போய்விட வேண்டும். அதிலிருந்து வந்ததுதான் அந்தப் பெயர். அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் எதிர் மெத்தையில் இருக்கும் சரளா, "அக்கா, பத்து நிமிஷம் வந்துக்கினு இருக்குது" என்பாள். நாங்கள் இருவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்போம்.

கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்குப் பத்து நிமிஷம் எந்த மூலைக்கு? நீயே பார்த்திருக்கிறாய், ஒரு புடவைக்கு வேன் நிறைய ஆள் வருவார்கள். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம். பெண் ஒன்றைப் பார்த்துக் கண்ணை விரிப்பாள், அவள் அம்மா மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தைப் பார்ப்பாள், அவர்கள் வேறொரு நிறத்தைக் காட்டுவார்கள். இப்படி ஒரு மணி நேரம் போய் ஒருவழியாக முடிவானால், அப்போது ராகு காலம் ஆரம்பித்திருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. முகூர்த்தப் புடவைக்கு ராகு காலத்தில் யார் பில் போடுவார்கள்? "எடுத்து வைம்மா, அம்மனைப் பாத்துட்டு பன்னெண்டுக்கு வர்றோம்" என்று கோயிலுக்குப் போய்விடுவார்கள். சீட்டு கிடையாது, பெயர் கிடையாது, முன்பணம் கிடையாது. நாங்கள் புடவையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, மெத்தையில் எங்கள் பக்கமாக மடிக்கு அடியில் வைத்துக்கொள்வோம். வாய்வார்த்தைதான். நான் இந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது, இதைப் புது ஆளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றே எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அது எங்கள் பக்கத்துத் தப்பு. பேண்ட் கடையிலிருந்து வந்த மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்?

ஒருநாள் அவர் என் மெத்தை ஓரத்தில் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டார். கீழே குனிந்து இழுத்தார். உள்ளே பச்சையில் ஒரு பட்டு. "என்ன இது? பில் இல்லாத புடவை உங்க மடிக்குக் கீழ என்ன பண்ணுது?" என்று மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். "ராகு காலம் சார், பார்ட்டி கோயிலுக்குப் போயிருக்காங்க" என்றேன். "ராகு காலத்துக்கு கம்ப்யூட்டர்ல ஆப்ஷன் இல்ல மேடம்" என்றார். அன்று சாயங்காலம் மெமோ கொடுத்தார். 'புடவையை மறைத்து வைத்திருந்தார்' என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது வருஷம் கண்ணு. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது புடவை மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தவள் நான். திருப்புட்குழிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் வயல் வேலைக்குப் போனவர்கள், கடை வேலைக்கு வந்த முதல் ஆள் நான். ஒரு நூல் துண்டுகூட வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்ததில்லை. 'மறைத்து' என்ற அந்த ஒரு வார்த்தை இரண்டு நாள் தொண்டையில் நின்றது, சோறு இறங்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கத்தத் தெரியும், அது உனக்கும் தெரியும். இது கத்துகிற கோபமாக இல்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண்ணின் அப்பா விவசாயி, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து அத்தை ஒருத்தி, அவள் பேச்சுதான் அங்கே சட்டம். பெண் ஒல்லியாக, அதிகம் பேசாத பிள்ளை. நாற்பது புடவை பார்த்திருப்பார்கள். கடைசியில் அரக்கு நிறத்தில் மாம்பழ மஞ்சள் கரை போட்ட ஒன்றை விரித்தேன். பெண் கையை அதன்மேல் வைத்தாள், எடுக்கவே இல்லை. அத்தையே அதைப் பார்த்து, "சரி, அதான் அவ கையிலயே ஒட்டிக்கிச்சே" என்று சிரித்துவிட்டாள். மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்கு வருகிறோம் என்று எழுந்தார்கள். எல்லோரும் படி இறங்கின பிறகு அந்தப் பெண் மட்டும் திரும்பி வந்து, "அக்கா, இத வேற யாருக்கும் காட்டிடாதீங்க" என்றாள். "நீ போய்ட்டு வா கண்ணு, நான் இருக்கேன்" என்றேன்.

அவர்கள் போய்ப் பத்து நிமிஷம் ஆனது. பிரவீன் வந்தார். "பில் ஆகலையா? ரேக்குக்கு அனுப்புங்க" என்றார். இது ஒரே ஒரு புடவை சார், இதே போல இன்னொன்று தறியிலும் கிடையாது, முகூர்த்தத்துக்கு எடுத்திருக்கிறார்கள், பன்னிரண்டுக்கு வந்துவிடுவார்கள் என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது "சரிங்க சார்". அவ்வளவுதான். வெள்ளைத் துணியோடு தூக்கிக் கொடுத்தேன். அவரே கொண்டுபோய்ச் சரளா பக்கத்து ரேக்கில் வைத்தார். இதுவரைக்கும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். "சரிங்க சார்னு சொல்லிட்டு வாய மூடிக்கினேன், மதியானம் மொதலாளி அவருக்கு விட்ட டோஸ் இருக்குதே" என்று மறுநாள் காலையில் இட்லி சாப்பிடும்போது நடித்துக் காட்டினேன். நீ லீவில் வந்திருந்தாய். சட்னியைத் தட்டிவிடுகிற அளவுக்குச் சிரித்தாய். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போதுகூட பஸ்ஸிலிருந்து "பத்து நிமிஷம் பத்திரம்மா" என்று கையாட்டினாய். பெரிய பையன் ஆன பிறகு நீ என் பேச்சுக்கு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் மீதியை விட்டுவிட்டேன்.

மீதி இது. பதினொன்றரை மணிக்குப் பெங்களூரிலிருந்து இரண்டு பெண்கள் வந்து சரளாவின் மெத்தையில் உட்கார்ந்தார்கள். சரளாவுக்கு ஒன்றும் தெரியாது, அவள் காலையில் கோடவுனுக்குப் போயிருந்தாள். அவள் அந்த அரக்குப் புடவையை எடுத்து விரித்ததை நான் பார்த்தேன் கண்ணு. எனக்கு நேர் எதிரில், எட்டு அடி தூரம்கூட இல்லை. அவர்கள் கண்ணாடிக்கு முன்னால் தோளில் போட்டுப் பார்த்தார்கள். பக்கத்தில் பிரவீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "சரளா, அது பார்ட்டி எடுத்தது" என்று ஒரு சத்தம் கொடுத்தால் முடிந்துபோயிருக்கும். என் கை பாட்டுக்குப் புடவை மடித்துக்கொண்டிருந்தது. 'உன் சட்டம்தானே, நீயே அனுபவி' என்று மனசுக்குள் அவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. பெங்களூர்க்காரர்கள் ராகு காலம் எல்லாம் பார்க்கவில்லை. பில் போட்டார்கள், பையை வாங்கினார்கள், காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்தில், நெற்றியில் குங்குமத்தோடு அவர்கள் வந்தார்கள். புடவை இல்லை என்று தெரிந்ததும் நான் நினைத்த மாதிரி மேனேஜர் மேல் பாயவில்லை. மாப்பிள்ளையின் அத்தை அப்படியே மெத்தையில் உட்கார்ந்து, "எடுத்த முகூர்த்தப் பொடவ கை மாறிப் போச்சுதே. இன்னாடி சகுனம் இது? அதுவும் ராகு காலத்துல" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதுவரை நின்றுகொண்டிருந்த பெண்ணின் அப்பா அவள் முன்னால் போய்க் கையைக் கூப்பி, "அப்படியெல்லாம் சொல்லாதீங்க, கடைக்காரங்க தப்பு, வேற ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றார். அவள் எழுந்துகொண்டாள். "வூட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றாள். கல்யாண வீட்டில் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். பெண் அழவில்லை. படி இறங்குவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "நான் இருக்கேன்னு சொன்னீங்களே அக்கா" என்றாள்.

முதலாளி மாடிக்கு வந்து பிரவீனை வாங்கு வாங்கு என்று வாங்கியது அதற்குப் பிறகுதான். உனக்கு நடித்துக் காட்டிய அந்தக் காட்சி. அதிலும் ஒன்றை விட்டுவிட்டேன். பிரவீன் தலை குனிந்து நின்றார். நான் எதிரில் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருந்தார், ஒரு வார்த்தை சொல்லி என்மேல் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. அரை மணி கழித்து நான் தண்ணீர் குடிக்கப் போனபோது படிக்கட்டு ஓரத்தில் நின்று, "அக்கா, எதிர்லதான இருந்தீங்க. சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார். அதுவரை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். "கவனிக்கல சார்" என்றேன். சரி என்று தலையாட்டினார். அவர் நம்பவில்லை, அது எனக்கும் தெரிந்தது.

திங்கட்கிழமை, நீ ஊருக்குப் போன மறுநாள், பிரவீன் ஒரு பை நிறையப் புடவை எடுத்துக்கொண்டு, "அவங்க வீட்டுக்கே போய் காட்டலாம், நீங்களும் வாங்க" என்றார். முதலாளி சொன்னாரா, அவராகவே கிளம்பினாரா, தெரியாது. வேன் வாசலில் நிற்கிறது, மனுஷர் ஏறவில்லை. "என்ன சார்?" என்றால், காலண்டரைக் காட்டி, "ஒம்பது மணி வரைக்கும் ராகு காலம் அக்கா" என்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு பயமும் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

பெண் வீட்டில் மாப்பிள்ளையின் அத்தையையும் வரச் சொல்லியிருந்தார்கள். பாயை விரித்தார்கள். பிரவீன் கால் மடக்கித் தரையில் உட்கார்ந்து அவரே புடவையை விரித்தார். முந்தானை எது, உடல் எது என்று தெரியாமல் தலைகீழாக விரித்தார். "எல்லாம் என் தப்புங்க. ராகு காலம் பாக்குற வழக்கம் எனக்குத் தெரியாது, புடவைய நான்தான் ரேக்குல வெச்சேன்" என்றார். அத்தை புடவையைத் தொடவில்லை. "நீ வெச்சப்பா, சரி. அத்தினி பொடவையில அவங்க கண்ணுக்கு அது மட்டும் ஏன் படணும்? எடுத்தவங்க வர்ற வரைக்கும் ஒருத்தருக்குமே தெரியாம எப்படிப் போகும்? அது மனுசன் கையில இல்ல" என்றாள். பெண்ணின் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கதவோரத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

என்னால் முடியவில்லை கண்ணு. "ஒருத்தருக்கும் தெரியாம போகலைங்க. எனக்குத் தெரியும். விக்கறத நான் பாத்துக்கினேதான் இருந்தேன். இவர்மேல இருந்த கோவத்துல வாய மூடிக்கினேன். இவரு எனக்கு மெமோ குடுத்தாரு, அதுக்காக இவரு மாட்டட்டும்னு விட்டேன். சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல. என் கொழுப்பு" என்று சொல்லிவிட்டேன். பிரவீன் என் பக்கம் திரும்பவே இல்லை, மடியிலிருந்த புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்மா, உன் கொழுப்ப காட்டறதுக்கு எங்க வூட்டுக் கல்யாணந்தான் கெடைச்சுதா?" என்று ஆரம்பித்தாள் பார், என் பிறந்த வீட்டிலிருந்து நான் உடுத்தியிருந்த புடவை வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. கால் மணி நேரம் திட்டியிருப்பாள். நான் வாயே திறக்கவில்லை. திட்டித் திட்டி அவளுக்கே மூச்சு வாங்கியது. கடைசியில் பெரிய பாரம் இறங்கின மாதிரி பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "சகுனம்லாம் இல்ல, இந்தம்மா திமிருதான். பொண்ண உக்காரச் சொல்லுங்க" என்றாள். என்னைப் பார்த்து, "இன்னா பாத்துக்கினு இருக்கற? விரி" என்றாள்.

பெண் வேறொரு புடவை எடுத்தாள், வெங்காயச் சருகு நிறம். முதல் புடவையின்மேல் கை வைத்த மாதிரி இதன்மேல் வைக்கவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்குப் போனேன். நன்றாக இருந்தாள், மாப்பிள்ளையும் நல்ல மாதிரி. போன மாதம் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை எடுக்கக் கடைக்கு வந்து நேராக என் மெத்தைக்குத்தான் வந்தாள். "அக்கா, இப்ப ராகு காலம் இல்லியே?" என்று கேட்டுச் சிரித்தாள். ஒரு மனுஷிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் சொல்லு.

அன்று அவர்கள் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது வேனில், வாலாஜாபாத் தாண்டினதும் நானே ஆரம்பித்தேன். "சார், மெமோல 'மறைத்து'ன்னு எழுதியிருக்குது. நான் மறைக்கல. அத மட்டும் மாத்துங்க" என்றேன். மெமோ கொடுத்த அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. "சரிக்கா" என்றார். மறுநாள் மெமோவை எடுத்து அந்த வார்த்தையை அடித்து, 'எடுத்து வைத்திருந்தார்' என்று மாற்றிப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். கிழித்துப் போடவில்லை பார்! அவர் அப்படிப்பட்ட ஆள். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி காலி செய்தார். நேரம் பார்க்கிறவர்களின் புடவை பெயர்ச் சீட்டோடு அங்கே இருக்கும், பில் போடுகிற வரைக்கும் யாரும் தொட முடியாது. எங்கள் மடியைவிட அது நல்ல இடம்தான். பாத்ரூம் நோட்டு விஷயத்தில், "சரளாவுக்குச் சக்கர இருக்குது சார், அவ எத்தினி வாட்டியும் போவா, அத எழுத வெக்கறது அசிங்கமா இருக்குது" என்று தனியாகச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அடுத்த நாள் நோட்டு இல்லை. போன் பெட்டி மட்டும் இன்னும் இருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, அது நல்லதுக்குத்தான். நாங்கள் இருவரும் மெத்தைக்கடியில் போனை வைத்துச் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தார் என்று நீ கேட்கலாம். எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போதும் சிடுசிடுதான். இப்போதும் 'வெல்கம்' சொல்லச் சொல்கிறார், நான் இப்போதும் 'வாங்க வாங்க' என்றுதான் சொல்கிறேன். காலையில் இட்லி கட்டிக்கொண்டு போகிறேன், சாயங்காலம் சரளாவோடு பேசிக்கொண்டே நடந்து வருகிறேன், முட்டி வலிக்கு மருந்து தடவிக்கொள்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது கண்ணு. நிம்மதியாக இருக்கிறேன்.

இப்போது உன் கதைக்கு வா. ஞாயிற்றுக்கிழமை பாதி விலை என்று எழுதியதைப் பார்த்துப் புதுச் சட்டையை எடுத்துக்கொண்டு ஒரு அப்பா வரிசையில் நிற்பார். பில் போடும்போது முழு விலை வரும். கூட வந்த பிள்ளைகள் எதிரில் அவர் சட்டையைத் திரும்ப வைக்க வேண்டும், அல்லது சண்டை போட வேண்டும். அந்தச் சண்டையை ஷீலா மேடமா வாங்கப் போகிறார்? பில்லிங்கில் உட்கார்ந்திருக்கும் பெண், உனக்கு டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம் கொடுக்கிறாள் என்று சொன்னாயே, அவள்தான் முதலில் வாங்குவாள். மேனேஜரைக் குறி வைத்து நீ விடுகிறதெல்லாம் பக்கத்தில் நிற்கிறவர்கள் மேல்தான் விழும். என் கண் முன்னால் விழுந்ததைப் பார்த்தவள் சொல்கிறேன்.

நாளைக்குக் கடை திறப்பதற்கு முன்னால் போ. மற்றவர்கள் எதிரில் வேண்டாம், தனியாகச் சொல்லு. "மேடம், ஸ்டிக்கர் புது ரேக்குல ஒட்டியிருக்கு" என்று மட்டும் சொல்லு, 'நான் அப்பவே பார்த்தேன்' என்ற பெருமை வேண்டாம். "ஏன் இத்தனை நாள் சொல்லலை?" என்று அந்தம்மா எரிந்து விழலாம். விழட்டும், நியாயம்தானே? சட்டையைக் கலைத்தபோது எல்லோர் எதிரிலும் பேசினது உனக்கு வலித்தது என்பதையும் இன்னொரு நாள், கோபம் ஆறின பிறகு, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. கேட்டுக்கொள்வாரோ மாட்டாரோ, சொன்னது உன் தொண்டையில் நிற்காது. அதற்குப் பிறகும் அந்த இடம் பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிடு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். வேறு கடையா இல்லை? ஆனால் ஸ்டிக்கரைச் சொல்லிவிட்டு விடு. இந்தக் கடிதத்தை ரூமில் இருக்கிற பசங்களுக்கும் படித்துக் காட்டு. பாதிக் கதையைக் கேட்டவர்கள் மீதியையும் கேட்கட்டும். 'உங்கம்மா செம' என்று சொன்னவர்கள் இப்போது என்ன சொல்கிறார்களோ, சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ சொல்லாமலே விட்டுவிட்டால், ஞாயிற்றுக்கிழமைக் கலாட்டாவெல்லாம் முடிந்து ஒருநாள் அந்தம்மா உன்னிடம் கேட்பார், பார்த்தும் ஏன்பா சொல்லவில்லை என்று. அப்போது நீ, "எங்கம்மாகிட்ட கத்துக்கினேன்" என்று சொன்னால் அது பொய்யே இல்லை கண்ணு. அப்படி ஒரு உண்மையை நீ யாரிடமும் சொல்லும்படி வைத்துவிடாதே.

அம்மா